பாஸ்டன் தேயிலையும் ஸ்ரீரங்கப்பட்டணமும்: பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மைசூருவில் வேலை, நாலாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. பாடத்திலோ யூடியூபிலோ அமெரிக்கப் புரட்சி வந்ததும், "இது நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்டால் என்ன சொல்வது? பதில் சுமார் 15 கி.மீ. தொலைவில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறது.

தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் சுமார் 340 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. விளைந்தது சீனாவில். சரக்கு, நமக்கு நன்றாகவே தெரிந்த கிழக்கிந்திய கம்பெனியுடையது.

"வரி ஏறியது, கோபம் வந்தது" என்றுதான் பலரும் சொல்கிறோம். ஆனால், கடனில் தத்தளித்த கம்பெனியைக் காப்பாற்ற பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த ஆண்டு கொண்டுவந்த சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் செய்தது.

பிரச்னை வேறு. அமெரிக்கர்களுக்குப் பிரதிநிதியே இல்லாத நாடாளுமன்றம் வரி போட்டது. உள்ளூர் வியாபாரிகளை ஓரங்கட்டி, ஒரே கம்பெனிக்குச் சலுகை கொடுத்தது.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியுமா?

புரியும். மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்து கடலைமிட்டாய் கொடுத்து, கடை விளையாட்டு வையுங்கள். நடுவில் போய், யாரையும் கேட்காமல் "ஆளுக்கு ஒரு மிட்டாய் எனக்கு வரி" என்று எடுங்கள். அடுத்து ஒருவரிடம் மட்டும், "நீ பாதி விலைக்கு வித்துக்கோ, நஷ்டத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள்.

மற்ற இருவரும் சண்டைக்கு வருவார்கள். பாடம் அங்கேதான் ஆரம்பம். வரி, ஏகபோகம் என்ற சொற்களைப் பிறகு சொன்னால் போதும்.

மைசூருக்கு என்ன தொடர்பு?

1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்ததும், சண்டை இந்தியாவுக்கும் பரவியது. 1779-ல் பிரெஞ்சுக்காரர்களின் மாஹேயை பிரிட்டிஷார் பிடித்தது ஹைதர் அலியைச் சீண்டியது. 1780-ல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கம்பெனிப் படை ஹைதர், திப்புவிடம் தோற்றது. அந்தக் காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் பார்க்கலாம். அங்கே அமெரிக்காவில், 1782-ல் பென்சில்வேனியாவுக்காகப் போரிட்ட ஒரு கப்பலின் பெயரே 'ஹைதர் அலி'.

1781-ல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த காரன்வாலிஸ்தான், பின்பு இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-ல் திப்புவின் ராஜ்ஜியத்தில் பாதியையும், 3.3 கோடி ரூபாயையும் கேட்டார். பிணையாகத் திப்புவின் இரண்டு மகன்களையும் அழைத்துப்போனார்.

எதை விட்டுவிடக் கூடாது?

அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகும், அங்கே லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். இதை மறைத்தால் அது வெறும் வீரக்கதை ஆகிவிடும்.

அடுத்த ஞாயிறு அந்தச் சுவர் ஓவியத்தின் முன் நின்று, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வியாபாரம் பண்ண வந்த கம்பெனிக்குப் படை எதுக்கு?" பிள்ளை யோசிக்கட்டும். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.