மீன்களின் தசையிழை வகைகள்

மீன்களின் தசையிழை வகைகள் என்பவை, மீன்களின் உடற்சுவர்த் தசையில் காணப்படும், நிறத்திலும் செயலிலும் வேறுபட்ட இழைகளைக் குறிக்கும். செந்தசை, வெண்தசை, இவற்றுக்கு இடைப்பட்ட இளஞ்சிவப்புத் தசை என இவை மூன்று முதன்மை வகைப்படும். செந்தசை நெடுநேரம் சீராக நீந்தவும், வெண்தசை குறுகிய நேரம் வேகமாகப் பாயவும் உதவுகின்றன. ஒரே வகை இழையால் இவ்விரு வேலைகளையும் சிக்கனமாகச் செய்ய முடியாது என்பதே இப்பிரிவுக்குக் காரணம்.

அமைப்பு

மீனின் உடலின் இருபுறமும், தலைக்குப் பின்னிருந்து வால் வரை, மயோமியர்கள் எனப்படும் தசைக்கண்டங்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. சமைத்த மீனில் இதழ் இதழாகப் பிரிபவை இக்கண்டங்களே. ஒரு பக்கத்துக் கண்டங்கள் சுருங்கும்போது உடல் அப்பக்கம் வளைகிறது. இரு பக்கங்களும் மாறி மாறிச் சுருங்குவதால் அலை போன்ற வளைவு வாலை நோக்கிச் செல்கிறது. அது நீரைப் பின்னே தள்ள, மீன் முன்னேறுகிறது.

செந்தசை

செந்தசை பெரும்பாலான மீன்களில் தோலுக்கு அடியில், பக்கக்கோட்டை ஒட்டி ஒரு பட்டையாக அமைந்துள்ளது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைத் துண்டாக வெட்டும்போது தெரியும் கருஞ்சிவப்புப் பகுதி இதுவே. ஆக்சிசனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதமும், மிகுதியான இரத்த நுண்குழாய்களும் இதற்கு நிறம் தருகின்றன. இதன் இழைகள் மெல்லியவை, மைட்டோகாண்டிரியா நிறைந்தவை. கொழுப்பு முதலியவற்றை ஆக்சிசனைக் கொண்டு எரித்து ஆற்றல் பெறுவதால் இவை எளிதில் களைப்பதில்லை. ஆனால் இவை மெதுவாகவே சுருங்கும்.

சூரை மீன்களில் செந்தசை முதுகெலும்பை ஒட்டி உடலின் உட்புறத்தில் அமைந்துள்ளது. அங்கு நெருக்கமாகப் பின்னியுள்ள இரத்தக் குழாய்கள் தசையில் உண்டாகும் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கின்றன. இதனால் இத்தசை சுற்றியுள்ள நீரைவிட வெப்பமாக இருக்கிறது.

சால்மன் மீனின் செம்மஞ்சள் நிறம் செந்தசையால் வருவதன்று. அது உணவின் வழியே சேரும் அஸ்டாசாந்தின் என்னும் நிறமியால் வருகிறது.

வெண்தசை

பெரும்பாலான மீன்களின் உடல் தசையில் பெரும்பங்கு வெண்தசையே. இதன் இழைகள் தடித்தவை. இரத்த ஓட்டமும் மைட்டோகாண்டிரியாவும் குறைந்தவை. இவை வேகமாகச் சுருங்கும். இவற்றுக்கான ஆற்றல் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்தும், ஆக்சிசன் இன்றிச் சிதைக்கப்படும் கிளைக்கோஜனிலிருந்தும் கிடைக்கிறது. இச்சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும்.

இளஞ்சிவப்புத் தசை

கெண்டை முதலிய சில மீன்களில் செந்தசைக்கும் வெண்தசைக்கும் நடுவே இளஞ்சிவப்புத் தசை அமைந்துள்ளது. சுருங்கும் வேகத்திலும் களைப்பைத் தாங்கும் திறனிலும் இது இடைப்பட்டது.

வேகத்திற்கேற்ற பணிப்பகிர்வு

ஆங்கிலேய உயிரியலாளர் குவென்டின் போன், சிறு சுறாக்களின் தசைகளில் எழும் மின்துடிப்புகளைப் பதிவு செய்து 1966இல் முடிவுகளை வெளியிட்டார். மெதுவாக நீந்தும்போது செந்தசை மட்டுமே இயங்குவதையும், வேகமாகப் பாயும்போதுதான் வெண்தசை இயங்குவதையும் அவர் காட்டினார். கெண்டை மீனில் வேகம் கூடக்கூட முதலில் செந்தசை, பின்னர் இளஞ்சிவப்புத் தசை, இறுதியில் வெண்தசை என வரிசையாக இயங்கத் தொடங்குகின்றன.

வெண்தசையின் வேகத்துக்கு அதன் இழைகள் அமைந்துள்ள விதமும் ஒரு காரணம். செந்தசையிழைகள் உடலின் நீள்போக்கில் உள்ளன. வெண்தசையிழைகள் கயிற்றின் புரிகள்போல் சாய்ந்து செல்கின்றன. இதனால் கெண்டையின் உடல் ஒரே அளவு வளைவதற்கு, செந்தசையிழை சுருங்கும் அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கினாலே வெண்தசையிழைக்குப் போதும். அதன் உச்சச் சுருங்கு வேகமும் செந்தசையைப் போல் சுமார் 2.5 மடங்கு. இவ்விரண்டும் சேர்ந்து, செந்தசையால் முடிவதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வேகத்தில் உடலை வளைக்க இடம் தருகின்றன. எதிரி நெருங்கும்போது மீன் நொடிப்பொழுதில் உடலை வளைத்துத் திரும்பித் தப்புவது இதனால்தான்.

களைப்பும் மீட்சியும்

வேகமாகப் பாய்ந்த பின் வெண்தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது எளிதில் வெளியேறுவதில்லை. பெரும்பகுதி தசையிலேயே மீண்டும் கிளைக்கோஜனாக மாற்றப்படுகிறது. முற்றிலும் களைத்த மீன் பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும். அதுவரை அதனால் முன்போல் பாய்ந்து தப்ப இயலாது. கடுமையாகக் களைத்த மீன்களில் சில பின்னர் இறந்துவிடுவதும் உண்டு. தூண்டிலில் நெடுநேரம் போராடிய மீனை நீரில் திரும்ப விட்டாலும் அது பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

அணைகளில் மீன்கள் மேலேறுவதற்காகக் கட்டப்படும் மீன்வழிகளிலும் இது கருத்தில் கொள்ளப்படுகிறது. நீர் விசையாகப் பாயும் இடங்களை மீன் வெண்தசையின் பலத்தால் கடக்கிறது. அத்தகைய இடங்கள் இடைவிடாமல் நீண்டால் அது பாதியிலேயே களைத்துப்போகும். எனவே அவற்றுக்கிடையே, செந்தசையின் உதவியால் மட்டுமே நிலைத்து நிற்கக்கூடிய, நீரோட்டம் தணிந்த ஓய்வுக் குட்டைகள் அமைக்கப்படுகின்றன.