வானில் முடிவெடுப்பவர் யார்?

செம்பூரிலோ தாராவியிலோ மொட்டைமாடியில் நின்று வானத்தை நோக்கினால், மும்பை விமான நிலையத்திற்கு வரும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து செல்வதைக் காணலாம். அங்குள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஆதலால் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்துகின்றனர். விமானங்களின் வரிசையை முறைப்படுத்துபவர், தரையில் இருக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்.

பெயரைக் கேட்டதும், விமானத்தை அவரே இயக்குகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. சுற்றிலும் பறக்கும் விமானங்கள் அவருக்குத் தெரியும்; ஒரு விமானத்தின் உள்ளே நடப்பது தெரியாது. விமானிக்கோ தம் இயந்திரமும் எரிபொருளும் எதிரே நிற்கும் மழைமேகமும் தெரியும். மேகத்திற்கு அப்பால் வரும் விமானம் கண்ணுக்குத் தெரியாது. எனவே முடிவும் இருவரிடையே பங்கிடப்பட்டுள்ளது. செல்லவேண்டிய உயரத்தையும் திசையையும் கட்டுப்பாட்டாளர் கூறுவார். விமானி அதைத் திரும்பச் சொல்லவேண்டும். கடைக்கு அனுப்பும்போது, "என்ன வாங்கி வருவாய், சொல் பார்க்கலாம்" என்று அம்மா கேட்பதில்லையா? அதுபோலத்தான். கட்டளையை ஏற்பது ஆபத்து என்று கண்டால், 'இயலாது' என்று மறுக்கவும் விமானிக்கு உரிமை உண்டு.

1996 நவம்பர் 12 அன்று, தில்லியிலிருந்து புறப்பட்ட சவுதி விமானத்திற்கு 14,000 அடி உயரமும், தில்லிக்கு வந்த கசகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடி உயரமும் குறிக்கப்பட்டிருந்தன. எதிரே விமானம் வருவதும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் கசகஸ்தான் விமானம் குறித்த உயரத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. அரியானாவின் சர்கி தாத்ரி அருகே இரண்டும் வானில் மோதின. 349 பேர் மாண்டனர். அக்காலத்தில் தில்லியில் இருந்த ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. கட்டுப்பாட்டாளர் விமானிகளின் சொல்லையே நம்பவேண்டியிருந்தது.

அதன்பின், 'டீகாஸ்' எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. எதிரெதிரே வரும் விமானங்களின் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறி, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்லும்.

கருவி ஒன்றும் கட்டுப்பாட்டாளர் மற்றொன்றும் சொன்னால்? 2002 சூலை 1 இரவு, செருமனியின் ஊபர்லிங்கன் அருகே அதுவே நேர்ந்தது. ருசிய விமானத்தைக் கருவி ஏறச் சொன்னது. கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானிகள் இறங்கினர். எதிரே வந்த விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளி மாணவர் பலர் உட்பட 71 பேர் உயிரிழந்தனர்.

இன்று விதி தெளிவாக உள்ளது. அத்தகைய நேரத்தில் விமானி கருவி சொல்வதையே பின்பற்றி, அதைக் கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிக்கவேண்டும். ஆபத்து நீங்கியதென்று விமானி அறிவிக்கும் வரை, கட்டுப்பாட்டாளர் அவ்விமானத்தின் பாதையை மாற்றச் சொல்லமாட்டார்.