வள்ளி ஒயில் கும்மி

வள்ளி ஒயில் கும்மி என்பது கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட கொங்கு மாவட்டங்களில் ஆடப்படும் நாட்டுப்புறக் குழு ஆட்டம் ஆகும். முருகன் வள்ளியை மணந்த கதையே இதன் பாடுபொருள். ஆசிரியர் பாட, ஒரே நிற உடை அணிந்தவர்கள் வரிசையாகவும் வட்டமாகவும் நின்று, பாட்டின் தாளத்துக்குக் கைதட்டி அடவு வைப்பர்.

பயிற்சி

ஊர்ப் பொது இடத்தில் மாலை வேளைகளில் பயிற்சி நடக்கும். அடவுகளைப் புதியவர்கள் முன்னால் ஆடுபவரின் காலைப் பார்த்தே கற்கின்றனர். பயிற்சி முடிந்ததும் ஊரார் முன்னிலையில் அரங்கேற்றம் நடைபெறும்.

பெண்களின் வருகை

முன்பு இது பெரும்பாலும் ஆண்களே ஆடிய கலை. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த கும்மி ஆசிரியர் பத்திரப்பன் அவ்வழக்கத்தை மாற்றிப் பெண்களுக்கும் கற்பித்தார். 2024-இல், தம் 87-ஆம் வயதில், பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். இன்று அரங்கேற்றங்களில் பெண்களும் சிறுமியரும் திரளாக ஆடுகின்றனர்.

ஒப்பீடு

ருமேனியாவில் கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டம் ‘ஹோரா’. யூதக் குடியேறிகள் அதைப் பாலஸ்தீனத்துக்குக் கொண்டு சென்றனர். பின்னர் அது இஸ்ரேலின் நாட்டுப்புற ஆட்டமாயிற்று. அங்கும் ஆடத் தெரியாதவர் வட்டத்தில் சேர்ந்தே கற்றுக்கொள்கிறார். இத்தகைய ஆட்டங்கள் நிலைப்பது, புதியவர்களைச் சேர்த்துக்கொள்வதால்தான். வள்ளி கும்மியில் அந்தப் புதியவர்கள் பெண்கள்.