பெரிய மறிமான் வேட்டைக்கான ரைபிள் குண்டும் தொலைநோக்கியும்

பெரிய மறிமான் வேட்டைக்கான குண்டையும் தொலைநோக்கியையும் தேர்ந்தெடுத்தல் என்பது ஈலாண்டு, பெருங்குடு, ஜெம்ஸ்பொக் போன்ற ஆப்பிரிக்க மறிமான்களை நீண்ட துன்பமின்றி வீழ்த்தத் தக்க கருவிகளை முடிவு செய்வதாகும். இவ்வேட்டை நமீபியா, தென்னாப்பிரிக்கா, சிம்பாப்வே முதலிய நாடுகளில் அரசு அனுமதியுடன் நடைபெறுகிறது. துப்பாக்கியின் ஆற்றல் மிகுந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் விலங்கு சில நொடிகளில் இறக்குமா, காயத்துடன் புதருக்குள் ஓடி நாட்கணக்கில் துன்புறுமா என்பதைப் பெரும்பாலும் இரண்டு செய்திகளே முடிவு செய்கின்றன. ஒன்று, குண்டு எங்கே படுகிறது என்பது. மற்றொன்று, பட்ட பின் அது சிதறாமல் எவ்வளவு ஆழம் செல்கிறது என்பது.

விலங்குகளின் உடலமைப்பு

மான்களின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். மறிமான்களின் கொம்பு உதிர்வதில்லை. ஆண் ஜெம்ஸ்பொக் ஏறத்தாழ 180 முதல் 240 கிலோ வரையும், ஆண் பெருங்குடு 190 முதல் 270 கிலோ வரையும் எடை கொண்டவை. ஈலாண்டு இவற்றை விட மிகப் பெரியது. அதன் ஆண் விலங்கு பொதுவாக 500 முதல் 600 கிலோ இருக்கும். சில 900 கிலோவையும் தாண்டுகின்றன.

இவற்றின் இதயம் மார்பின் அடிப்பகுதியில், முன்னங்கால்களுக்கு இடையே தாழ்வாக அமைந்துள்ளது. நுரையீரல் அதற்கு மேலும் பின்னும் பரவியுள்ளது. தோளுக்கு மேலே தெரியும் திமில் போன்ற உயரம் முதுகெலும்பின் நீண்ட முட்களால் ஆனது. அங்கு உயிர்நாடியான உறுப்பு எதுவும் இல்லை. அந்த முட்களில் குண்டு பட்டால் விலங்கு அதிர்ச்சியில் உடனே விழுந்து, சிறிது நேரத்தில் எழுந்து ஓடிவிடக்கூடும். வீழ்ந்துவிட்டது என்று கருதிப் பலர் விலங்கைத் தவறவிடுவது இவ்வாறுதான்.

வேட்டைக் குண்டு விலங்கைக் கொல்வது முதன்மையாகக் குருதியிழப்பினாலும் நுரையீரல் செயலிழப்பினாலும் ஆகும். இதயத்தில் அடிபட்ட மறிமான் கூட 50 அல்லது 100 மீட்டர் ஓடிய பிறகே விழலாம். எனவே குண்டு தோல், தசை, விலா எலும்பு ஆகியவற்றைக் கடந்து மார்புக்குழிக்குள் சென்றே ஆக வேண்டும்.

தோட்டாவும் குண்டும்

தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, தீமூட்டி, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருள். குழலிலிருந்து பறந்து செல்வது குண்டு மட்டுமே. குண்டின் எடை வழக்கமாக கிரெய்ன் என்னும் அலகில் கூறப்படும். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம் ஆகும். ஆகவே 180 கிரெய்ன் குண்டின் எடை சுமார் 11.7 கிராம்.

நமீபியாவில் விலங்கின் அளவுக்கேற்பக் குழல்வாயில் இருக்க வேண்டிய குறைந்த அளவு ஆற்றல் வகுக்கப்பட்டுள்ளது. ஸ்பிரிங்பொக் போன்ற சிறியவற்றுக்கு 1,350 ஜூலும், குடு, ஜெம்ஸ்பொக், வில்டபீஸ்ட், ஈலாண்டு ஆகியவற்றுக்கு 2,700 ஜூலும், எருமை, யானை போன்றவற்றுக்கு 5,400 ஜூலும் தேவை. 180 கிரெய்ன் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் செலுத்தும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவின் ஆற்றல் சுமார் 3,900 ஜூல். 300 கிரெய்ன் குண்டுடைய .375 எச் அண்ட் எச் மேக்னம் தோட்டாவின் ஆற்றல் சுமார் 5,800 ஜூல். எனவே 1906 முதல் வழக்கில் உள்ள .30-06 தோட்டாவே மறிமான்களுக்கான சட்ட வரம்பை எளிதில் தாண்டிவிடுகிறது. ஆனால் ஆற்றல் என்ற எண், குண்டு எவ்வளவு ஆழம் செல்லும் என்பதைக் காட்டுவதில்லை. ஒரே எடையும் ஒரே வேகமும் கொண்ட இரு குண்டுகளில் ஒன்று தோள் எலும்பிலேயே நொறுங்கலாம். மற்றொன்று மறுபுறம் வெளியேறலாம்.

குண்டின் அமைப்பு வகைகள்

முழு உறைக் குண்டு: ஈயத்தின் முன்புறம் முழுவதும் உலோக உறையால் மூடப்பட்டது. இது விரியாமல் குறுகிய துளையிட்டுச் செல்வதால் மறிமான்களுக்கு ஏற்றதன்று.

சாதாரண மென்முனைக் குண்டு: செம்பு உறைக்குள் ஈயம் வைத்து, முனையில் ஈயம் வெளியே தெரியும்படி செய்யப்படுவது. பட்டவுடன் காளான் போல் விரியும். மிதமான வேகத்தில் நன்கு செயல்படும். மிகுந்த வேகத்தில் எலும்பில் பட்டால் உறையும் ஈயமும் பிரிந்து சிதறிவிடக்கூடும்.

தடுப்புச்சுவர்க் குண்டு: அமெரிக்கரான ஜான் நோஸ்லர் 1946-இல் கனடாவில் மூஸ் மானைச் சுட்டபோது அவரது குண்டுகள் ஆழமாகச் செல்லாமல் சிதறின. அதன் விளைவாக, நடுவே செம்புத் தடுப்பு வைத்து ஈயத்தை இரு அறைகளாகப் பிரித்த குண்டை உருவாக்கினார். அது 1948-இல் விற்பனைக்கு வந்தது. முன்னறை விரிந்து தேய்ந்தாலும் பின்னறை சிதறாமல் ஊடுருவும்.

பிணைப்புக் குண்டு: ஈயம் செம்பு உறையோடு உருக்கிப் பிணைக்கப்படுவதால் இரண்டும் பிரிவதில்லை.

ஒற்றை உலோகக் குண்டு: ஈயமின்றி முழுதும் செம்பினாலோ செம்புக் கலவையினாலோ ஆனது. முனையிலுள்ள குழி இதழ்களாக விரியும். பெரும்பாலும் தன் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தக்கவைத்துக்கொள்ளும். ஆனால் வேகம் மிகவும் குறைந்துவிட்டால் சரியாக விரிவதில்லை. ஆகவே மிகத் தொலைவான இலக்குகளுக்கு இது எப்போதும் பொருந்தாது.

வேகத்தைப் பற்றிய தவறான கருத்து

புதர்க்காட்டில் 50 மீட்டர் தொலைவில் நிற்கும் ஈலாண்டின் மீது அதிவேக மேக்னம் ரைபிளில் சாதாரண மென்முனைக் குண்டைச் சுட்டால், குண்டு தன் உச்ச வேகத்திலேயே தடித்த தோள்தசையில் மோதும். அது மிக விரைவாக விரிந்து உடைவதால் ஊடுருவல் குறையும். அதே குண்டை மெதுவான தோட்டாவில் சுட்டால் ஆழம் கூடுவதும் உண்டு. ஆற்றலைக் கூட்டுவோர் அதற்கேற்ற உறுதியான குண்டையும் எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒரே விட்டமுள்ள குண்டுகளில் எடை கூடியது நீளமாக இருக்கும். அமைப்பும் வேகமும் ஒத்திருந்தால் அது ஆழமாகச் செல்லும். எனவே .30 அளவுத் துப்பாக்கிகளில் குடு, ஜெம்ஸ்பொக் ஆகியவற்றுக்கு 165 முதல் 180 கிரெய்ன் வரையும், ஈலாண்டுக்கு 180 கிரெய்னும் அதற்கு மேலும் பரவலாகப் பயன்படுகின்றன. ஈலாண்டுக்கு 1905-இல் ஜெர்மனியில் உருவான 9.3×62 மி.மீ., 1912-இல் வந்த .375 எச் அண்ட் எச் ஆகிய பெரிய தோட்டாக்களையும் பலர் விரும்புகின்றனர். எனினும் பெரிய தோட்டாவின் பின்னுதைப்பு மிகுதி. உதைப்புக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுப்பவரின் குறி விலகும். வயிற்றில் பட்ட பெரிய குண்டு, நுரையீரலில் பட்ட நடுத்தரக் குண்டுக்கு ஈடாகாது.

குண்டு மறுபுறம் வெளியேறினால் குருதித்தடம் தெளிவாக விழும், தேடுவது எளிதாகும். ஆனால் மந்தையில் பின்னால் நிற்கும் மற்றொரு விலங்கையும் அது காயப்படுத்தலாம். ஆகவே உறுதியான குண்டைப் பயன்படுத்துவோர் இலக்கின் பின்புறம் வெறுமையாகும் வரை காத்திருக்க வேண்டும்.

தொலைநோக்கி

ரைபிளின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கி பேச்சுவழக்கில் ஸ்கோப் எனப்படுகிறது. 3–9×40 என்ற குறியீட்டில் 3–9 என்பது உருப்பெருக்கத்தின் எல்லையையும், 40 என்பது முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும்.

உருப்பெருக்கம்: பெருக்கம் கூடினால் பார்வைப் பரப்பு சுருங்கும். இவ்வகைத் தொலைநோக்கியில் 3 மடங்கில் 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 11 மீட்டர் அகலம் தெரியும். 9 மடங்கில் 4 முதல் 5 மீட்டர் மட்டுமே தெரியும். புதரில் திடீரென நகரும் குடுவைத் தேட 9 மடங்கு தடையாகிவிடும். கை நடுக்கமும் நண்பகல் கானல் அலையும் கூடப் பெருக்கப்படும். புதர்க்காட்டுக்கு 1.5–6, திறந்த சமவெளிக்கு 3–9 அல்லது 3–12 ஆகியவை போதுமானவை. நடந்து செல்லும்போது மிகக் குறைந்த பெருக்கத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

ஒளி: முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மி.மீ. வில்லையில் 4 மடங்குக்கு அது 10 மி.மீ.; 9 மடங்குக்குச் சுமார் 4.4 மி.மீ. மங்கிய ஒளியில் மனிதப் பாவை 7 மி.மீ. அளவுக்கு விரியும். ஆகவே அந்தி வேளையில் பெருக்கத்தைக் குறைத்தாலே படம் தெளிவாகும்.

கண் இடைவெளி: கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே ஏறத்தாழ 9 செ.மீ. தேவை. இது குறைந்தால் பின்னுதைப்பில் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

குறியிழை: நிழலில் நிற்கும் கருமையான உடலின் மேல் மெல்லிய இழை மறைந்துவிடும். வெளிப்பகுதி தடித்தும் மையம் மெலிந்தும் உள்ள குறுக்கிழை பெரும்பாலான வேட்டைக்குப் பொருந்தும்.

குறி பொருத்துதல்

.30-06 ரைபிளை 180 கிரெய்ன் குண்டுடன் 200 மீட்டருக்குப் பொருத்தினால், 100 மீட்டரில் குண்டு சுமார் 6 செ.மீ. மேலே படும், 300 மீட்டரில் ஏறக்குறைய 25 செ.மீ. கீழே படும். 200 மீட்டர் வரை விலங்கின் மார்பை நேராகக் குறிவைக்கலாம். அதற்கு மேல் தொலைவைத் தவறாக மதிப்பிட்டாலே குண்டு காலில் படக்கூடும். பயணத்தில் தொலைநோக்கி அசைந்திருக்கக்கூடும் என்பதால், வேட்டைக்கு முன் அதே குண்டைக் கொண்டு இலக்குத் தாளில் சுட்டுச் சரிபார்ப்பது தென்னாப்பிரிக்க, நமீபிய வேட்டைப் பண்ணைகளில் வழக்கம். அங்கு பெரும்பாலும் முக்கோல் தாங்கியின் மீது நின்று சுடுவதால், மேசையில் அமர்ந்து மட்டும் பழகுவது போதாது.

காயமும் பொறுப்பும்

காயப்பட்டுக் கைக்கு எட்டாமல் போன விலங்குக்கும் முழுக் கட்டணம் பெறுவது தென்னாப்பிரிக்கப் பகுதியில் பொதுவான நடைமுறை. வெடித்தபின் விலங்கு நின்ற இடத்தை அடையாளம் வைத்து, நுரை கலந்த குருதியா, குடற்பொருள் கலந்ததா என்று பார்த்துத் தடம் காண்போர் பின்தொடர்வர். நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி நுரையீரல் காயத்தைக் காட்டும். விலங்கு விழுந்தாலும் இரண்டாவது குண்டுக்கு ஆயத்தமாக இருப்பது நெறி.

ஈயக் குண்டுகள் சிதறும் நுண்துகள்கள் இறைச்சியிலும் காட்டில் விடப்படும் குடலிலும் தங்கி, அதை உண்ணும் பிணந்தின்னிக் கழுகுகளை நஞ்சூட்டுகின்றன. செம்புக் குண்டுகளுக்கு மாறுவோர் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளின் வேட்டையைத் தடை செய்கிறது. ஆசியாவின் மிகப் பெரிய மறிமானான நீலான், பயிர்ச்சேதம் காரணமாகச் சில மாநிலங்களில் அரசு அனுமதியின் பேரில் மட்டுமே சுடப்படுகிறது.