மவுஸ் யார் கையில்?

2000-களின் தொடக்கத்தில் அரூர் மொத்தக்கடையில் டேலி கணக்கு மென்பொருள் திறக்கவில்லை என்றால் தர்மபுரிக்கு போன் பறக்கும். சர்வீஸ் ஆள் சிடிக்களைப் பையில் போட்டுக்கொண்டு சுமார் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வருவார். அதுவரை கையால் எழுதிய பில்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், கணக்கெழுதும் பெண் பின்னால் நின்று பார்ப்பார். எதைத் திறந்தார், எங்கே நகல் எடுத்தார் என்று கேட்டுக் கேட்டே பலர் பாதி வேலையைக் கற்றார்கள்.

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வழி அப்போதே இருந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் புரொஃபெஷனல் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப் உண்டு. டயல்-அப் வேகம்தான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பிராட்பேண்ட் பரவியது, ஜெர்மனியிலிருந்து இதே வேலைக்கான செயலிகளாக டீம்வியூவரும் பிறகு எனிடெஸ்க்கும் வந்தன. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்து மாதாந்தரக் கெடு தலைக்குமேல் நின்றபோது, பஸ்ஸுக்குக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. 2020 ஊரடங்கில் பஸ்ஸே இல்லை.

இன்று சர்வீஸ் ஆள் போனில் சொல்வது இதுதான்: “அக்கா, நம்பர் சொல்லுங்க. அக்செப்ட் குடுங்க. இப்ப மவுஸை விட்டுடுங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அம்புக்குறி ஒன்று, அதை இழுக்கும் கைகள் இரண்டு. இருவரும் அசைத்தால் அது எங்கும் நிலைக்காது. விசைப்பலகை இன்னும் நுட்பமானது. டேலி விசைகளால் ஓடும் மென்பொருள். விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. கடைக் கணினிக்குப் போகவேண்டிய ஆல்ட்+டேப்பைச் சில நேரம் சர்வீஸ் ஆளின் கணினியே விழுங்கிவிடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் கண்ட்ரோல்+ஆல்ட்+டெலிட்டுக்குப் பதில் கண்ட்ரோல்+ஆல்ட்+எண்ட் அழுத்த வேண்டும். தமிழ் தட்டச்சில் இரண்டு கணினியிலும் தமிழ்99 விசைமுறையை இயக்கிவைத்தால் எழுத்துகள் குழம்பக்கூடும். விசையின் இடத்தை மட்டும் அனுப்பும் முறையில், சர்வீஸ் ஆளின் பக்கம் ஆங்கிலத்தில் விட்டு, தமிழைக் கடைப் பக்கம் மட்டும் இயக்குவது நல்லது. நிர்வாகி அனுமதி கேட்டு விண்டோஸ் திரையை மங்கலாக்கும்போது, சில செயலிகளில் தொலைவிலிருப்பவரின் மவுஸ் செத்துவிடும். ‘ஆம்’ என்பதைக் கடைக்காரர்தான் அழுத்த வேண்டும். தொந்தரவாகத் தெரியும் இந்தத் தடுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று ஒரு நொடி படிக்க வைக்கிறதே!

படிக்காமல் ஒப்புக்கொண்டவர்கள் இழந்தது கொஞ்சமல்ல. வங்கி அதிகாரி என்று பேசி எனிடெஸ்க்கை இறக்கவைத்துப் பணம் சுருட்டுவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. எனிடெஸ்க் நல்ல செயலிதான். கட்டுப்பாட்டை யாருக்குக் கொடுத்தோம் என்பதில்தான் தவறு.

கடைகளுக்கு நான் சொல்வது, பெரும்பாலான கோளாறுகளுக்குத் திரையைக் காட்டினாலே போதும் என்பதுதான். செயலியின் அனுமதிப் பட்டியலில் விசைப்பலகை, மவுஸ் இரண்டையும் நீக்கிவிட்டு, சர்வீஸ் ஆள் வழி சொல்லச் சொல்ல நீங்களே அழுத்துங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் பின்னால் நின்று கற்ற அந்தப் படிப்பு திரும்பக் கிடைக்கும். கட்டுப்பாட்டைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வங்கிப் பக்கத்தை முதலில் மூடுங்கள், முடியும்வரை எழுந்து போகாதீர்கள். ஆளில்லாதபோது நுழைவதற்கான கடவுச்சொல் வைத்திருந்தால் அன்றே நீக்குங்கள். பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.