பூட்டிய கடிதமும் இரண்டு சாவிகளும்

ஷா ஆலமில் இருக்கும் ஒரு கணக்கர், கிள்ளானில் உள்ள வாடிக்கையாளருக்கு வரிக் கணக்கை மின்னஞ்சலில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மின்னஞ்சல், அஞ்சல் சேவை நிறுவனத்தின் கணினியில் தபால் அட்டையைப் போலத் திறந்தே கிடக்கும். அதைப் பூட்டி அனுப்பும் வழிதான், 1991-இல் பில் ஸிம்மர்மன் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட பிஜிபி முறை. தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் செயலியில் 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது.

இதில் ஒருவருக்கு இரண்டு சாவிகள். பொதுச் சாவியை எவருக்கும் கொடுக்கலாம். அது கடிதத்தைப் பூட்டும், திறக்காது. திறப்பது தனிச் சாவி ஒன்றே. மலேசியாவின் 1997-ஆம் ஆண்டு மின்னிலக்கக் கையொப்பச் சட்டமும் இந்த இரட்டைச் சாவி முறையை ஒட்டியதே.

தொல்லை எப்போது வருகிறது? கணினியை மாற்றும்போது. புதுக் கணினியில் பழைய கடிதங்களெல்லாம் வரிசையாகத் தெரியும். ஒன்றையும் படிக்க முடியாது. தனிச் சாவி பழைய கணினியோடு போய்விட்டது! கடவுச்சொல் மறந்தால் சேவை நிறுவனம் வேறொன்று தரும். இந்தச் சாவியோ அவர்களிடம் இருந்ததே இல்லை.

ஆகவே, செயலியின் சாவி நிர்வாகப் பகுதிக்குச் சென்று, தனிச் சாவியைக் கடவுச்சொல்லுடன் ஒரு கோப்பாகச் சேமித்து, பென்டிரைவில் எடுத்து வையுங்கள். காலாவதியான சாவியையும் அழித்துவிடாதீர்கள். பழைய கடிதங்களை அதுதான் திறக்கும். பூட்டு நீக்கிய நகல்களைத் தனி உறையில் சேமிக்கவும் தண்டர்பேர்ட் இடம் தருகிறது. தேடுவதற்கு அது எளிது. ஆனால் அந்தக் கணினியில் அமரும் எவரும் அவற்றைப் படிக்கலாம்.