18-இல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?
ஏசி தெர்மோஸ்டாட்: பொருத்துவது, அமைப்பது, பழுதைக் கண்டறிவது



மார்ச் பிறந்துவிட்டால் நம் தச்சநல்லூரில் மாடி அறையில் படுக்க முடிவதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் தளம் இரவு பதினோரு மணிக்கும் அனலைக் கக்குகிறது. கைக்குழந்தை, வயதான பெற்றோர், நோயாளி என்று யாராவது இருக்கும் வீட்டில் தவணை முறையிலாவது ஏசி வாங்கிவிடுகிறார்கள். ஏசி இப்போது ஆடம்பரப் பொருள் என்ற நிலை மாறிவிட்டது. ஆனால் இரண்டு மாதம் கழித்து வரும் கரண்ட் பில்தான் பலரைத் திகைக்க வைக்கிறது. அந்த பில்லைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற சின்னஞ்சிறு பாகம் ஒன்று ஏசிக்குள் இருக்கிறது. அதுதான் தெர்மோஸ்டாட். அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது?

அறையின் வெப்பத்தை அளந்து, நாம் சொன்ன அளவு வந்ததும் இயந்திரத்தை நிறுத்துவதும், வெப்பம் ஏறினால் மறுபடி ஓடவைப்பதும் இதன் வேலை. அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர், வகுப்பறைகளின் வெப்பத்தைச் சீராக வைக்க 1883-இல் மின்சார தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். குளிர் நாட்டில் அறையைச் சூடாக்கப் பிறந்த கருவி, நம் ஊரில் அறையைக் குளிராக்கப் பயன்படுகிறது. வேலை ஒன்றுதான்.

பழைய ஜன்னல் ஏசியில் இது ஒரு திருகு குமிழாக இருந்தது. இன்றைய ஸ்பிளிட் ஏசியில், உள்ளே சுவரில் மாட்டும் பெட்டியில், காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில் மிளகு அளவு சென்சார் ஒன்று இருக்கும். வெப்பம் ஏறினால் அதன் மின்தடை குறையும், இறங்கினால் கூடும். அதை வைத்து உள்ளிருக்கும் போர்டு கணக்கிடுகிறது. குளிர்ச்சுருளின் மீது இன்னொரு சென்சார் உண்டு.

இதிலிருந்து ஒரு செய்தி விளங்கும். ரிமோட்டில் நாம் வைக்கும் எண், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு வேகமாகக் குளிர வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. சாதாரண ஏசியில் 18 வைத்தாலும் 26 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே பலத்தில்தான் ஓடும். இன்வெர்ட்டர் ஏசியும் சூடான அறையில் முதலில் முழு பலத்தில்தான் தொடங்கும். அளவை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 18 வைத்தால் அந்த அளவு வருவதே இல்லை. ஆகவே விடிய விடிய முழு பலத்தில் ஓடும். சீக்கிரம் குளிர வேண்டுமானால் மின்விசிறியையும் சேர்த்துப் போடுங்கள். ஏசியின் காற்று வேகத்தைக் கூட்டுங்கள்.

ஒரு டிகிரியின் விலை

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏசியின் மின்செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கனப் பணியகம் சொல்லும் கணக்கு. நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் எல்லாம் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி தயாரிக்கப்பட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. புது ஏசியை ஆன் செய்ததும் 24 காட்டுவது இதனால்தான். 20-க்குக் கீழே இறங்காதபடி வரம்பு கொண்டுவரப் போவதாக 2025 ஜூனில் ஒன்றிய மின்துறை அமைச்சர் மனோகர் லால் அறிவித்ததும் நினைவிருக்கலாம்.

இதை நம் பில்லில் வைத்துப் பார்ப்போம். ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1600 மணி நேரத்துக்கான கணக்கு. உதாரணமாக 960 யூனிட் என்று இருந்தால், மணிக்கு 0.6 யூனிட். இரவு 8 மணி நேரம் ஓடினால் 4.8 யூனிட். 60 நாளுக்கு 288 யூனிட். வீட்டின் மற்ற செலவு 220 யூனிட் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 508.

நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட் என்பது முக்கியமான எல்லை. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி:

508 யூனிட்டுக்கு: முதல் 100 இலவசம். அடுத்த 300 யூனிட், 4.70 வீதம் 1,410 ரூபாய். அடுத்த 100, 6.30 வீதம் 630 ரூபாய். மீதி 8 யூனிட், 8.40 வீதம் 67.20 ரூபாய். ஆக 2,107.20 ரூபாய்.

இதே வீட்டில் தெர்மோஸ்டாட்டை 2 டிகிரி கூட்டி வைத்தால் ஏசியின் செலவு 12 சதவீதம், அதாவது சுமார் 35 யூனிட் குறையும். மொத்தம் 473 யூனிட்.

473 யூனிட்டுக்கு: முதல் 100 இலவசம். அடுத்த 100, 2.35 வீதம் 235 ரூபாய். அடுத்த 200, 4.70 வீதம் 940 ரூபாய். மீதி 73, 6.30 வீதம் 459.90 ரூபாய். ஆக 1,634.90 ரூபாய்.

35 யூனிட்டில் 472 ரூபாய் மிச்சம். வெயில் நேராக இறங்கும் மாடி அறையில் முத்திரையில் போட்டிருப்பதைவிடச் செலவு கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கட்டண விகிதம் மாறினால் ரூபாய் மாறும். கணக்குப் போடும் முறை இதுதான். கணக்கெடுக்க வரும் தேதியை மின் அட்டையில் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் ஆனதும் நீங்களே மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஒரு டிகிரி கூட்டுங்கள்.

பொருத்தும்போது கவனிக்க

சென்சார் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், பெட்டியை மாட்டும் இடம்தான் தெர்மோஸ்டாட்டின் இடம். மேற்கு வெயில் படும் சுவர், கதவுக்கு மேலே, பிரிட்ஜுக்கு மேலே, அடுப்படிக் காற்று வரும் பக்கம் ஆகியவற்றைத் தவிருங்கள். சூடான இடத்தில் இருக்கும் சென்சார், அறை குளிர்ந்த பிறகும் குளிரவில்லை என்றே சொல்லும். எதிரே பீரோவோ கனத்த திரையோ இருந்தால் குளிர்காற்று மோதித் திரும்பும். அப்போது அறை குளிருமுன்பே ஏசி நின்றுவிடும்.

ஏசிக்குத் தனி லைன், தனி எம்சிபி, சரியான எர்த் கட்டாயம் வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷன் பகுதியில் புகுந்ததை நாம் மறக்கவில்லை. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் வெளிப்பெட்டியையும் ஸ்டெபிலைசரையும் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். நீரில் மூழ்கிய எதையும் எலக்ட்ரீசியன் பார்க்கும் வரை ஆன் செய்யாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அங்குள்ள சுவர் தெர்மோஸ்டாட்டை வாங்கி அனுப்ப விரும்பினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் விற்கும் நெஸ்ட் போன்றவை 24 வோல்ட் கட்டுப்பாட்டு லைன் உள்ள மைய ஏசிக்கானவை. நம் ஸ்பிளிட் ஏசியில் அவற்றை இணைக்க இடமில்லை. 230 வோல்ட்டில் கொடுத்தால் கருகிவிடும்.

ரிமோட்டில் அமைப்பது எப்படி?

முதலில் படத்தைப் பாருங்கள். பனித்துளி நட்சத்திரம் என்றால் குளிர்விப்பு. நீர்த்துளி என்றால் ஈரம் உறிஞ்சும் ‘டிரை’. விசிறிப் படம் என்றால் வெறும் காற்று. சில ஏசிகளில் சூரியப் படமும் உண்டு, அது சூடாக்குவதற்கு.

கோடையில் 25 அல்லது 26 வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். ‘ஸ்லீப்’ பொத்தானை அழுத்தினால், நாம் தூங்கிய பிறகு ஓரிரு டிகிரியைத் தானே கூட்டிக்கொள்ளும். அதிகாலை 4 மணிக்கு நிற்கும்படி ஆஃப் டைமர் வைத்தால், பஜ்ருக்கு எழும் வரை அந்தக் குளிரே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெப்பத்தைவிடப் புழுக்கம்தான் தொல்லை. அப்போது ‘டிரை’ போதுமானது.

சில ரிமோட்டில் ‘ஐ ஃபீல்’ அல்லது ‘ஃபாலோ மீ’ என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ரிமோட்டே தெர்மோஸ்டாட் ஆகிவிடும். கட்டில் பக்கம் வைத்தால் நல்ல பலன் தரும். தலையணைக்கு அடியில் வைத்தால் உடல் சூட்டை அறையின் சூடு என்று எண்ணி ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு செய்தி. அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியாகிறது. ஜும்ஆவில் 200 பேர் கூடினால் 20,000 வாட். அதை நீக்க மட்டுமே ஏறக்குறைய 6 டன் ஏசி வேண்டும். கூட்டம் வந்த பிறகு 18-க்கு இறக்குவதால் பயனில்லை. அரை மணி நேரம் முன்பே 25-இல் ஓடவிட்டு, கதவுகளை மூடி, விசிறிகளையும் போடுவதே நல்லது. தொழுகை நேரம் மாறும்போது டைமரையும் மாற்ற மறக்க வேண்டாம்.

மெக்கானிக்கை அழைக்கும் முன்

ஏசி ஆன் ஆகிறது, குளிரவில்லை: மூன்று நிமிடம் பொறுங்கள். நின்ற கம்ப்ரசர் உடனே ஓடாதபடி ஏசியிலேயே தாமதம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். பிறகு, பனித்துளிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லை: ரிமோட்டின் முனையை செல்போன் கேமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதா நிறத்தில் ஒளி மின்னினால் ரிமோட் நல்ல நிலையில் இருக்கிறது. மின்னாவிட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

குளிர்ச்சி குறைவு, ஏசி நிற்பதே இல்லை: பில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். சுருளில் பனிக்கட்டி படிந்திருந்தால் ஏசியை நிறுத்தி, உருகிய பின் போடுங்கள். மறுபடி படிந்தால் மெக்கானிக் வரட்டும்.

அறை குளிருமுன்பே நின்றுவிடுகிறது: சென்சார் தன் கிளிப்பிலிருந்து நழுவிக் குளிர்ச்சுருளைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு சாதாரண அறை வெப்பமானியை ஏசி காற்றை இழுக்கும் பக்கம் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். ரிமோட்டில் வைத்த எண்ணுக்கும் அதற்கும் மூன்று, நான்கு டிகிரி வேறுபாடு இருந்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

ஏசியில் எழுத்தும் எண்ணுமாக ஏதாவது தெரிகிறது: அது பழுதுக் குறியீடு. கம்பெனிக்குக் கம்பெனி பொருள் மாறும். போட்டோ எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மெக்கானிக் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். “போர்டு போய்விட்டது” என்றால், “சென்சாரை மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?” சென்சார் விலை குறைந்த பொருள், போர்டின் விலை பல மடங்கு. “கேஸ் குறைந்துவிட்டது” என்றால், “எங்கே கசிகிறது?” ஏசியின் கேஸ் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். அதை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது அடுத்த கோடைக்கும் செலவை அழைப்பதாகும்.

பெட்டியைத் திறக்கும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். மெயினை நிறுத்திய பிறகும் வெளிப்பெட்டியில் உள்ள கண்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

பிரிட்ஜும் ஹீட்டரும்

பிரிட்ஜிலும் இதே கருவிதான். குமிழில் உள்ள 1 முதல் 7 வரையுள்ள எண்கள் டிகிரி இல்லை. எண் கூடினால் குளிர் கூடும். சர்க்கரை நோயாளிகள் உள்ள வீட்டில் இது உயிர் சம்பந்தப்பட்டது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரீசரிலோ அதை ஒட்டியோ வைத்து உறைந்துவிட்டால், உருகிய பின்னும் அதைப் போடக்கூடாது. நடுத்தட்டில் வையுங்கள்; பக்கத்தில் ஒரு வெப்பமானியும் இருக்கட்டும்.

வாட்டர் ஹீட்டரில் 50 டிகிரி போதும். தண்ணீர் கொதிக்கும் அளவுக்குப் போய், விளக்கு அணையாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று பொருள். உடனே சுவிட்சை நிறுத்துங்கள். மாற்றும் வரை பயன்படுத்தாதீர்கள்.

இன்றிரவே ரிமோட்டை எடுத்து, இருக்கும் எண்ணிலிருந்து இரண்டு கூட்டி வைத்துப் பாருங்கள். விசிறியும் ஓடட்டும். பழகிக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகலாம். அடுத்த பில்லில் வித்தியாசத்தை நீங்களே காண்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.